சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத டீசல் வேன்: என் அனுபவம்

காலையில் முதல் திருப்பிலேயே கிளம்பும் எங்கள் டீசல் வேன், நெடுந்தூரம் ஓடி நின்ற பிறகு சில வேளைகளில் ‘டக்’ என்ற ஒற்றை ஓசையோடு அடங்கிவிடும். இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றிவிடச் சொன்னார்கள்; அளந்து பார்க்காமல் பொருளை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஆனால் பழுது வெளிப்படும் நேரத்தில் அளப்பதே பயன் தரும் என்பதால், வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகப் பரப்பிலும் வைத்துக்கொண்டு, மகனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இந்தப் பாதையில் 0.2 வோல்ட்டைச் சுற்றி இருக்க வேண்டிய மின்னழுத்த இழப்பு, அன்று ஏறத்தாழ 3 வோல்ட் இருந்தது. அழுத்தம் மிகுந்த டீசல் இன்ஜினைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் தேவை. 300 ஆம்பியர் பாயும் பாதையில் 0.01 ஓம் தடையே 3 வோல்ட்டை விழுங்கிவிடும்.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) இடையில் அந்தத் திரும்பும் பாதையாக உள்ள எர்த் பட்டையைக் கழற்றினேன். வெளியே நன்றாகத் தெரிந்த போல்ட்டுக்கு அடியில் பச்சைநிறச் செம்புக் களிம்பு படிந்திருந்தது. பட்டையின் கம்பிப் பின்னலில் பாதி இழைகள் அறுந்திருந்தன. உலோகம் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்துப் புதிய பட்டையைப் பொருத்திய பின் இழப்பு 0.1 வோல்ட்டாகக் குறைந்தது. பழைய ஸ்டார்ட்டரே இன்றும் வேலை செய்கிறது.