அரச விழாக் கச்சேரிக்குப் பாட்டுத் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் முடிசூட்டு விழாவோ வைர விழாவோ வந்துவிட்டால், ஊருக்கு ஊர் சேர்ந்திசைக் குழுக்களும் அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராக்களும் ஒரே இசையமைப்பாளர் பட்டியலைக் கையில் எடுக்கின்றன: ஹாண்டல், பாரி, எல்கர், வால்டன். பட்டியலில் குற்றமில்லை. எதை எங்கே, எந்த நிமிடத்தில் வைப்பது என்பதில்தான் புதியவர்கள் ஒவ்வொரு தடவையும் அதே குழியில் விழுகிறார்கள். ஒத்திகை போதவில்லை, நோட்டைக் காணவில்லை போன்ற சங்கதிகளை விட்டுவிடலாம். அவை எந்தக் கச்சேரிக்கும் உள்ளவை.

விருந்தினர் நுழைவுக்கு முழுப் பாட்டை வைப்பது

இந்தத் தவறுகளிலேயே அதிக விலை கொடுக்க வைப்பது இது. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி நடக்கிறது என்பதால் எரிச்சலும் இதில்தான் அதிகம்.

நம் கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரர் என்ன செய்கிறார்? தாலி கட்டும் நேரத்தில் ஒரு விரல் ஆடினால் போதும், கையில் இருக்கும் கீர்த்தனையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவிவிடுவார். சரணம் முடியட்டும் என்று மாப்பிள்ளையை யாரும் காக்க வைப்பதில்லை. அரச விருந்தினர் மண்டபத்துக்குள் நுழைவதும் இப்படிப்பட்ட கணம்தான். ஆனால் புதியவர்கள் அதற்குத் தேர்ந்தெடுப்பது பாரியின் ‘ஐ வாஸ் கிளாட்’. நடுவில் நிறுத்த முடியாத, நீட்டவும் முடியாத ஆறு நிமிடக் கட்டடம்.

அது எழுதப்பட்டதே நுழைவுக்காகத்தானே என்பார்கள். உண்மைதான். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காக, பைபிளின் 122-ஆம் சங்கீதத்தின் வரிகளை வைத்து எழுதியது. 1902 ஆகஸ்ட் 9 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அது முதன்முதலில் ஒலித்தபோதே கணக்கு தப்பியது. இசைப் பொறுப்பில் இருந்த ஃபிரெடெரிக் பிரிட்ஜ், அரசர் வந்து சேரும் முன்பே பாட்டை முடித்துவிட்டார். ஆர்கனில் இருந்த வால்டர் ஆல்காக் மனோதர்மமாக வாசித்து இடைவெளியை நிரப்ப, அரசர் வந்ததும் பாட்டை மறுபடி பாடினார்கள். நாட்டின் தேர்ந்த பாடகர்களும், அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிக்கத் தெரிந்த ஆர்கன்காரரும் இருந்ததால் மானம் தப்பியது. நகரசபை மண்டபத்தில் நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு ஆல்காக் கிடைக்க மாட்டார்.

முதலில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். வாசலிலிருந்து முதல் வரிசை நாற்காலி வரை டேப் பிடித்து எடுங்கள். விழா நடை என்றால் விநாடிக்கு ஓர் அடி, அடிக்குச் சுமார் 60 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 36 மீட்டர். மண்டபம் 45 மீட்டர் என்றால் 75 விநாடியில் நடை முடிந்துவிடும். மீதி நாலே முக்கால் நிமிடம் விருந்தினர் நின்றுகொண்டிருப்பார், அவர் உட்காராததால் அரங்கமும் நிற்கும். போதாக்குறைக்கு, பாட்டின் பின்பாதியில் ‘எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டுங்கள்’ என்று குரல்கள் அடங்கும் பகுதி வரும். கார் தாமதமாகி விருந்தினர் அந்த இடத்தில் நுழைந்தால், ஐந்நூறு நாற்காலிகள் தரையில் தேய்வதைத்தான் கேட்கலாம்.

ஆகவே நுழைவையும் பாரியையும் பிரித்துவிடுங்கள். நுழைவுக்கு, 20 விநாடி எக்காள முழக்கம் ஒன்று. அதைத் தொடர்ந்து, சுற்றிச் சுற்றி வாசிக்கக்கூடிய மார்ச் பகுதி ஒன்று. அந்தப் பகுதி 8 அல்லது 16 பார் (தாளச் சுற்று) இருக்கட்டும். அதன் கடைசி ஸ்வரம் உறுத்தாமல் முதல் ஸ்வரத்தில் போய் விழ வேண்டும், ஸ்ருதி மாறவே கூடாது. ஆரம்பத்தையும் முடிவையும் எல்லோருடைய நோட்டிலும் சிவப்புப் பென்சிலால் குறியுங்கள். கண்டக்டர் இடது கையை மூடிக் காட்டினால் இந்தச் சுற்றோடு முடிவு என்று பேசி வையுங்கள். வாசலில் வாக்கி-டாக்கியோடு ஒருவர் நின்று மூன்று செய்திதான் சொல்ல வேண்டும்: கார் வந்தது, கதவில் நிற்கிறார், உட்கார்ந்துவிட்டார். ஒத்திகையில் ஒரு சுற்று, மூன்று சுற்று, ஆறு சுற்று என்று மூன்று விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். ஆறாவது சுற்றில் டிரம்பெட்காரரின் உதடு தளரும். அங்கே அவருக்கு ஓய்வு கொடுத்து ஹாரனை மேலே ஏற்றுவதும் அப்போதே முடிவாக வேண்டும்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு, பாரி நிகழ்ச்சியின் முதல் உருப்படி. அப்போதுதான் அந்த அடங்கும் பகுதியும் காதில் விழும்.

கூடவே ஒரு கிளைத் தவறு. பாரியின் பாட்டு நடுவில் வரும் ‘விவாட்’ (வாழ்க) முழக்கங்கள் முடிசூட்டின்போது வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி மாணவர்கள் எழுப்புபவை. கச்சேரியில் பொதுவாக விட்டுவிடுவார்கள். வைத்தே தீருவேன் என்றால், பழைய நோட்டில் எலிசபெத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உச்சரிப்பும் இத்தாலிய லத்தீன் கிடையாது, பழைய ஆங்கிலேய லத்தீன்: ‘வைவாட்’.

திறந்தவெளியில் வயலினை நம்புவது

ஹாண்டலின் ‘ராயல் ஃபயர்வொர்க்ஸ்’ இசைக்கு இரண்டு உடை உண்டு. 1749-இல் லண்டன் கிரீன் பார்க் வாணவேடிக்கைக்காக எழுதியபோது தந்தி வாத்தியமே வேண்டாம், போர்க்கள வாத்தியங்கள் போதும் என்றார் இரண்டாம் ஜார்ஜ். ஹாண்டலுக்கு மனமில்லை. ஆனாலும் கணக்கு இப்படி வந்தது: 24 ஓபோ, 12 பஸூன், 9 டிரம்பெட், 9 ஹாரன், மூன்று ஜோடி டிம்பனி. தந்திகள் சேர்ந்தது ஒரு மாதம் கழித்து, ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்ற ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் கூரைக்கடியில் நடந்த கச்சேரிக்கு. சங்கீத ஞானத்துக்குப் பெயர் போனவர் அல்ல ஜார்ஜ். இந்த விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி.

புதியவர்கள் எளிதில் கிடைக்கும் தந்திப் பதிப்பை வாங்கிப் புல்வெளியில் வாசிக்கிறார்கள். பின்னால் சுவர் இல்லாததால் வயலின் ஒலி மேலே போய்க் கரைந்துவிடும். நாற்பது தந்தியைவிட இருபது ஊதுகுழல் அங்கே அதிகம் கேட்கும். மாலைக் குளிரில் ஊதுகுழல் ஸ்ருதி இறங்கும், தந்தி ஏறப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து வாசிக்கும் மெதுவான பகுதி முதலில் கெடும். ஊதுவாத்தியப் பதிப்பையே எடுங்கள். 24 ஓபோ யாரிடமும் கிடையாது. ஆறு ஓபோவோடு கிளாரினெட் சேர்த்துக்கொண்டால் ஹாண்டல் கோபிக்க மாட்டார். நோட்டுத் தாளுக்கு ஸ்டாண்டுக்கு நான்கு துணிக் கிளிப்.

மழையையும் கணக்கில் சேருங்கள். 2012 வைர விழாவின் தேம்ஸ் ஊர்வலத்தில் படகின் மேல்தளத்தில் நின்று பாடியவர்கள் தொப்பலாக நனைந்தார்கள். குரல் நனைந்தாலும் பாடும். செல்லோ நனைந்தால் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டியதுதான். வெடியின் போதே வாசிப்பதையும் மறந்துவிடுங்கள். வெடிச் சத்தத்துக்கு முன்னோ பின்னோதான் இசைக்கு இடம். 1749-இல் வேடிக்கைக்காகக் கட்டிய மண்டபத்திலேயே தீப்பிடித்தது.

ஆள் இல்லாமல் ‘ஸேடாக்’ எடுப்பது

1727-இலிருந்து எல்லா பிரிட்டிஷ் முடிசூட்டிலும் பாடப்படுவது ஹாண்டலின் இந்த ‘ஸேடாக் த பிரீஸ்ட்’. ஆரம்பத்தில் 22 பார் வாத்தியம் மட்டும் அலையலையாக ஏறி வரும்; பிறகு ஏழு பிரிவுகளாகக் குரல்கள் ஒரே அடியாக இறங்கும். பிரிவுக்கு நான்கு பேர் என்றாலே 28 பேர் வேண்டும். பதினைந்து பேரோடு எடுத்தால், அத்தனை ஆயத்தத்துக்குப் பிறகு கதவைத் திறந்து பூனை வந்த மாதிரி ஆகிவிடும். கையில் உள்ளது சின்னக் குழு என்றால் வேறு பாட்டு பாருங்கள்.

டிரம்பெட் மூன்று வேண்டும், ஸ்ருதி டி மேஜர். ஹாண்டல் காலத்து எக்காளத்தில் வால்வு கிடையாது. குழாயில் இயல்பாக எழும் ஸ்வரங்கள் மட்டும்தான். அரச விழா இசையில் டி மேஜர் இவ்வளவு அடிபடுவதற்கு அது முக்கியக் காரணம். இன்றைய வாசிப்பாளரிடம் டி டிரம்பெட்டோ பிக்கலோ டிரம்பெட்டோ இருக்கிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். டிரம்பெட்டை கீபோர்டில் வாசித்தால் வாசல் மணி அடித்த மாதிரி இருக்கும்.

இதுவும் நுழைவுப் பாட்டு அல்ல. சாலமோனுக்கு எண்ணெய் பூசியதைச் சொல்வது. முடிசூட்டிலும் அபிஷேகத்தின்போதுதான் வரும்.

வரிகளைப் படிக்காமல் சேர்ப்பது

எல்கரின் முதலாம் ‘பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்’ மார்ச் 1901-இல் வந்தபோது அதில் சொல் கிடையாது. அதன் நடு மெட்டுக்கு மறு வருடம் கவிஞர் ஏ. சி. பென்சன் எழுதிக் கொடுத்த வரிகள், உன் எல்லைகள் இன்னும் இன்னும் விரியட்டும் என்று நாட்டை வாழ்த்துகின்றன. முன்வரிசையில் காமன்வெல்த் நாட்டுத் தூதர்கள் உட்கார்ந்திருக்கும்போது, அதில் ஒருவர் கொழும்பிலிருந்து, இன்னொருவர் டெல்லியிலிருந்து வந்திருக்கும்போது, யாருடைய எல்லை என்ற கேள்வி எழத்தானே செய்யும்? மார்ச்சை வாத்தியத்தில் மட்டும் வாசியுங்கள். மெட்டு போதும்.

வரி மட்டுமல்ல, கதையும் பார்க்க வேண்டும். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் ‘குளோரியானா’ ஓபராவை 1953 முடிசூட்டுக்காகவே எழுதினார். ஜூன் 8 அன்று கோவென்ட் கார்டனில் இளம் எலிசபெத்தின் முன்னால் அரங்கேறியது. கதையோ முதலாம் எலிசபெத்தின் முதுமை, தளர்ச்சி, காதலனுக்குத் தானே விதித்த மரண தண்டனை. கொண்டாட வந்திருந்த பிரமுகர்களிடம் அன்றைக்கு அது எடுபடவில்லை. இசையில் குறையில்லை, அந்த இரவுக்குப் பொருந்தவில்லை. அதன் நடனப் பகுதிகளைத் தனியே எடுத்தால் இன்றும் நல்ல விழா உருப்படி.

தூரத்தில் நிற்கும் வாத்தியக்காரர்

2002 பொன் விழாவில் ‘குயின்’ ராக் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று கிதாரில் தேசிய கீதம் வாசித்தார். அதைப் பார்த்துக் கோபுரத்தில் ஒருவரை ஏற்றுகிறவர்கள் கணக்கை மறக்கிறார்கள்: ஒலிக்கு 34 மீட்டர் போகப் பத்தில் ஒரு விநாடி ஆகும். கீழே உள்ள குழுவின் ஒலியைக் காதுக் கருவி வழியே அவருக்கு நேரடியாகக் கொடுங்கள். காற்றில் வருவதைக் கேட்டு வாசித்தால் தாளம் பின்தங்கிக்கொண்டே போகும்.

தேசிய கீதத்தின் ஸ்ருதி

ஜி மேஜர் அல்லது எஃப் மேஜர் போதும். பி ஃபிளாட்டில் வைத்தால் கடைசி வரியில் சபையே கத்தும்.

‘கிங்’கா ‘குயின்’னா

அரசி எலிசபெத் மறைந்த 2022 செப்டம்பருக்கு முன் அச்சான தேசிய கீதத் தாளை விநியோகிக்காதீர்கள்.

புதிதாக எழுதச் சொன்ன பாட்டு

ஒன்று. ஐந்து நிமிடத்துக்குள்.

வெளியேறும் இசையை ஒன்றோடு நிறுத்துவது

மார்ச் முடிந்த பிறகும் முதல் வரிசையில் கைகுலுக்கல் நடந்துகொண்டிருக்கும். விருந்தினர் மேயரோடு பேச நின்றுவிடுவார். வால்டனின் ‘கிரௌன் இம்பீரியல்’ முதலில் போகட்டும். எல்கரின் நான்காம் மார்ச் ஸ்டாண்டில் அடுத்த தாளாகத் தயாராக இருக்கட்டும். அவர் கதவைத் தாண்டி, வாக்கி-டாக்கியில் கார் கிளம்பியது என்று செய்தி வரும்வரை யாரும் வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கக் கூடாது.