கராத்தே வகுப்பில் மாற்றுத்திறனாளி மாணவரிடம் பேசும் முறை

கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்திலேயே முடிகிறது என்பது நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் கிச்சின் ஃபுனாகோஷி (1868–1957) வகுத்த இருபது நெறிகளில் முதலாவது ஆகும். குனிந்து வணங்கிய அடுத்த நிமிடமே, நிலை தடுமாறிய சிறுவனை "நொண்டி மாதிரி நிற்காதே" என்று மாஸ்டர் அதட்டினால், அந்த வணக்கம் வெறும் உடற்பயிற்சியாகிவிடுகிறது. ஆகவே, வகுப்பில் மாற்றுத்திறனாளி மாணவர் எவரும் இல்லாவிட்டாலும், "குருடா", "செவிடா" என்ற வசவுகளை முதலில் கைவிடுங்கள்.

குன்னூர், கோத்தகிரி போன்ற மலையூர்களில் பல பயிற்சிக் கூடங்களுக்குப் படியேறித்தான் செல்ல வேண்டும். சேர்க்கை குறித்துப் பெற்றோர் தொலைபேசியில் கேட்கும்போது "உங்கள் பிள்ளையால் இங்கே வர இயலாது" என்று சொல்லாதீர்கள். "வாசலில் ஆறு படிகள் உள்ளன, சாய்தளம் இல்லை, மரப்பலகை வைத்துத் தரலாமா?" என்று உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். தடையாக இருப்பது படிக்கட்டே என்பதைப் பெற்றோர் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

வகுப்புக்கு வந்த மாணவரிடமே பேசுங்கள். அவருக்கு என்ன உதவி வேண்டும் என்பதை உடன் வந்த அம்மாவிடம் விசாரிப்பது நல்லெண்ணத்தால் நிகழ்வதுதான் என்றாலும், அது அவரை அங்கு இல்லாதவர் ஆக்கிவிடுகிறது. கேட்காமல் கையைப் பிடிப்பதும் சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் கூடாது.

பார்வையற்ற மாணவருக்குக் கற்பிக்கையில் "இப்படிச் செய், அப்படித் திரும்பு" என்பவை பயனற்ற சொற்கள். கட்டா என்பது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு; தொடக்கநிலைக் கட்டாவான ஹெயான் ஷோடானின் தொடக்கத்தை, "இடப்பக்கம் கால்வட்டம் திரும்பி, இடது காலை முன்வைத்து முழங்காலை மடக்குங்கள், வலது காலைப் பின்னால் நீட்டியே வையுங்கள், இடது கைமுஷ்டியை வலது தோளருகிலிருந்து இடது தொடைக்கு மேலே இறக்குங்கள்" என்று உடலின் உறுப்புகளையும் திசையையும் பெயர் சொல்லி விளக்குங்கள். தொட்டுத் திருத்த வேண்டுமானால், "உங்கள் முழங்கையைத் தொடுகிறேன், சரியா?" என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகே தொடுங்கள். இவ்வளவு துல்லியமாகப் பேசப் பழகிய மாஸ்டரிடம் மற்ற மாணவர்களும் தெளிவாகக் கற்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கூடலூரில் தென்மேற்குப் பருவமழை தகரக்கூரையில் இரையும்போது, செவித்திறன் குறைந்த மாணவரின் எதிரே நின்று கைச்சைகையால் எண்ணிக்கை காட்டுங்கள்.

பெல்ட் தேர்வின்போது "குறையையும் மீறிச் சாதித்தார்" என்று அறிவிக்காதீர்கள். "இவருடைய குத்தில் இடுப்பின் சுழற்சி சரியாக இருந்தது" என்பதே பயிற்சி பெற்றவருக்குரிய பாராட்டு. உலகக் கராத்தே கூட்டமைப்பு 2014-இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் நடத்திய முதல் பாரா கராத்தே உலகப் போட்டியில், சக்கர நாற்காலி பயன்படுத்துவோரும் பார்வையற்றோரும் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளும் கட்டா செய்தே மதிப்பெண் பெற்றனர்.

கேலி எழுந்தால் கண்டும் காணாமல் இருந்துவிடாதீர்கள். பலர் காணும் இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கேலி செய்த மாணவரைத் தனியே அழைத்துக் கண்டியுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால், அவருடைய உதை எவ்வளவு உயரம் எழும்பினாலும், அடுத்த பெல்ட் தேர்வுக்கு அவரை அனுப்பாதீர்கள்.