டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் மேல் ஆர்.பி.எம்மில் இழுக்கவில்லையா? ஜெட்டில் கை வைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்றை வாங்கி மண் தடத்தில் பழகத் தொடங்கும் இளைஞர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: கீழே நன்றாக இழுக்கிறது, நடுவிலும் குறையில்லை, த்ராட்டிலை முழுவதும் திருகினால் மட்டும் வண்டி மேலே ஏற மறுக்கிறது. யமஹா ஒய்.இசட். 125 போன்ற 125 சி.சி. வண்டியில் இது சிறிய குறையன்று. அவ்வகை என்ஜினின் வலிமையெல்லாம் ஏறக்குறைய 8,000 ஆர்.பி.எம்முக்கு மேல்தான் இருக்கிறது. அந்தப் பகுதி போய்விட்டால் மிஞ்சுவது இரைச்சல் மட்டுமே. வண்டி என்னிடம் வந்து சேர்வதற்குள் அதன்மேல் செய்து முடிக்கப்பட்டிருக்கும் வேலைகளைப் பார்த்தால், தொடக்கக் காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் அதே வரிசையில் இருக்கின்றன. ஏர் ஃபில்டரைக் கழுவாதது, பிளக்கை மாற்றாதது, மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலை ஊற்றி ஓட்டுவது போன்றவை எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே விளக்கப்போவதில்லை.

முதல் வேலையாக மெயின் ஜெட்டை மாற்றுதல்

மிகுந்த செலவு வைக்கும் தவறு இதுவே. எத்தனை முறை சொன்னாலும் இது குறையாதது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. முழு த்ராட்டிலில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டுதான் மெயின் ஜெட். அது மலிவானது, கார்புரேட்டரின் அடிமூடியைத் திறந்தால் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம், மாற்றியவுடன் என்ஜினின் ஒலியும் மாறுகிறது. ஆகவே ஏதோ நடந்திருக்கிறது என்ற நிறைவு கிடைத்துவிடுகிறது. ஆனால், நேற்றுவரை சரியாக ஓடிய வண்டியின் பித்தளை ஜெட் ஒரே இரவில் தன் துளையைப் பெரிதாக்கிக்கொள்வதில்லை. வேறு ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். கெட்டதைத் தேடாமல் கலவையை மாற்றுகிறவர், நோயை விட்டுவிட்டு அறிகுறியோடு மல்லுக்கட்டுகிறார்.

ஓர் இளைஞர் கொண்டுவந்த 125 சி.சி. வண்டியை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். புகை அதிகமாக வந்தது, சைலன்சர் முனை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, மேல் ஆர்.பி.எம்மில் என்ஜின் திணறியது. பார்த்தவர்கள் அனைவரும் "ரிச்சாக (கலவையில் பெட்ரோல் மிகுந்து) ஓடுகிறது, மெயின் ஜெட்டைக் குறை" என்றார்கள், அவரும் குறைத்தார். புகை சற்று அடங்கியது, ஒலி கூர்மையானது, வண்டி முன்பைவிட விறுவிறுப்பாக ஏறுவதுபோலவும் தோன்றியது. கலவை லீன் ஆகும்போது, அதாவது அதில் பெட்ரோல் குறையும்போது, பிஸ்டன் கெடுவதற்குச் சற்று முன்புவரை டூ ஸ்ட்ரோக் என்ஜின் இப்படித்தான் ஏமாற்றும். ஊக்கமடைந்த அவர் மேலும் குறைத்தார். நீண்ட நேர்த்தடத்தில் முழு த்ராட்டிலில் போகும்போது என்ஜின் சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்து, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது.

பிரித்துப் பார்த்தபோது மூல காரணம் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) என்பது தெரிந்தது. அதன் உதடு கெட்டிப்பட்டுப்போனதால், கிராங்க் அறை கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சியிருக்கிறது. புகைக்கும் பிசுக்குக்கும் காரணம் அந்த ஆயிலே தவிர பெட்ரோல் அன்று. கியர் ஆயிலின் அளவு குறைந்துகொண்டே வந்ததை அவர் கவனித்திருந்தால், அந்த இடத்திலேயே விடை கிடைத்திருக்கும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை பிஸ்டனையும் சிலிண்டரையும் கொண்டுபோய்விட்டது. ஆர்.எக்ஸ். 100 போல இரும்பு ஸ்லீவ் உள்ள சிலிண்டராக இருந்தால், லேத் பட்டறையில் போர் அடித்து அடுத்த அளவுப் பிஸ்டனைப் போட்டுவிடலாம். இன்றைய டர்ட் பைக் சிலிண்டர்களின் உட்சுவரில் இருப்பது நிக்கல் சிலிக்கன் கார்பைடு பூச்சு. அது உரிந்துவிட்டால் மீண்டும் பூச்சு போட வேண்டும், அல்லது புதிய சிலிண்டர் வாங்க வேண்டும்.

மறுபக்கத்தில், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவை ஒட்டியுள்ள சீல் கசிந்தால் கதை நேர்மாறானது. வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவையை லீன் ஆக்கும். த்ராட்டிலை விட்ட பிறகும் ஐட்லிங் இறங்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே தொடக்கநிலையாளர் பெரிய ஜெட்டைப் போட்டுக் குறையை மூடிமறைக்கிறார், கசிவோ நாளுக்கு நாள் வளர்கிறது. ஆக, ஒரு சீல் கெட்டால் ஜெட்டைக் குறைக்கத் தோன்றுகிறது, மற்றொன்று கெட்டால் கூட்டத் தோன்றுகிறது. இரண்டிலும் ஜெட் குற்றமற்றது.

இதை உறுதிசெய்யும் அழுத்தச் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பம்பும் மானியுமே போதும். அந்த மானியின் உச்சமான 300 மி.மீ. பாதரச அளவு ஏறக்குறைய 5.8 பி.எஸ்.ஐ. ஆகும், இச்சோதனைக்கு வழக்கமாகக் கொடுக்கும் அழுத்தம் 6 பி.எஸ்.ஐ. என்பதால் இரண்டும் பொருந்திவிடுகின்றன. பிஸ்டனைக் கீழ்முனையில் நிறுத்தி, கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, மெதுவாக அழுத்தம் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய 50 மி.மீ. அளவுக்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. சிலிண்டர் அடிப்பகுதி, ரீட் பிளாக் (கலவையை உள்ளே மட்டும் விடும் ஒருவழி இதழ்கள் உள்ள சட்டம்), மேக்னட்டோ பக்கம் ஆகியவற்றில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் மூடிக்குள் மறைந்திருப்பதால், கியர்பாக்ஸ் மூச்சுக்குழாயின் நுனியை ஒரு குவளை நீரில் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே குமிழி வந்தால் சீல் போய்விட்டது. அழுத்தத்தைத் தாங்கும் சீல் உறிஞ்சலின்போது விட்டுக்கொடுப்பதும் உண்டு. ஆகையால் வாய்ப்புள்ளவர்கள் வெற்றிடச் சோதனையையும் செய்துவிடுவது நல்லது.

பவர் வால்வைக் கழுவிவிட்டதாலேயே அது திறக்கிறது என்று நம்புதல்

எக்ஸாஸ்ட் துளையின் உயரத்தைக் கீழ்ச் சுழற்சியில் தாழ்த்தியும் மேல் சுழற்சியில் உயர்த்தியும் வைப்பதே பவர் வால்வின் வேலை. அது மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால், கீழே அருமையாக இழுக்கும் வண்டி மேலே சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். கார்பன் படிந்து சிக்குவதைப் பலரும் அறிவார்கள். கழுவிய பிறகு வால்வைத் திருப்பிப் போடுவதும், கவர்னரிலிருந்து வரும் இணைப்புக் கையைச் சரியாகக் கோக்காமல் மூடியை முடுக்கிவிடுவதும்தான் அடிக்கடி நடப்பவை. ஒய்.இசட். 125இல் வால்வை இயக்குவது சுழற்சி வேகத்தால் விரியும் இயந்திரக் கவர்னர், மின்மோட்டார் இல்லை. எனவே வால்வுத் தண்டின் முனையில் உள்ள சிறு மூடியைக் கழற்றிவிட்டு, சூடான என்ஜினை ஒரு கணம் உயர்த்திப் பார்த்தால், தண்டு திரும்புகிறதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

ரீட் இதழைத் தொலைவிலிருந்து பார்த்து "நன்றாக இருக்கிறது" என்பது

பிளாக்கைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இதழ் முனையில் சிதைவோ, இதழுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒளி தெரியும் இடைவெளியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். விறைப்பு இழந்த இதழ் கீழ்ச் சுழற்சியில் ஒழுங்காக மூடிக்கொள்ளும். மேலே போனால் படபடத்து, உள்ளே போன கலவையையே திருப்பித் துப்பும்.

டாங்க் மூச்சுக்குழாயை மறத்தல்

சில விநாடிகள் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு செத்துப்போனால், பெட்ரோல் வரவில்லை. குழாயையும் அதன் ஒருவழி வால்வையும் பாருங்கள்.

பைப்பை வெறும் புகைக்குழாயாக நினைத்தல்

டூ ஸ்ட்ரோக்கின் வயிறு பெருத்த எக்ஸாஸ்ட் பைப், புகையை வெளியேற்றுவதோடு நிற்பதில்லை. துளை வழியாகத் தப்பிய புதுக் கலவையை அழுத்த அலையால் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் இந்த வித்தையைச் செம்மைப்படுத்தி, 1961இல் 125 சி.சி. என்ஜினிலிருந்து லிட்டர் கொள்ளளவுக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவை எட்டினார். அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டேக்னர் தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்ததும், அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்துக்காக 50 சி.சி. உலகப் பட்டம் வென்றதும் பந்தய வரலாற்றில் புகழ்பெற்றவை. அலை திரும்பிவரும் நேரத்தைப் பைப்பின் நீளமும் வடிவமும் தீர்மானிப்பதால், முன்பகுதியில் விழுந்த ஆழமான நசுங்கல் மேல் ஆர்.பி.எம்மில்தான் தன் வேலையைக் காட்டும். கீழிழுவைக்கென்று செய்த பைப்பை முந்தைய உரிமையாளர் மாட்டியிருந்தால், நீங்கள் தேடும் கோளாறு அங்கே இல்லவே இல்லை. வண்டி அமைக்கப்பட்டபடியே ஓடுகிறது. சைலன்சருக்குள் இருக்கும் பஞ்சு ஆயிலில் ஊறிப்போயிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பாதுகாப்புக்கென்று ஆயிலைக் கூட்டுதல்

ஒரு லிட்டர் பெட்ரோலில் 31 மில்லி ஆயில் ஊற்றியவர் 50 மில்லிக்கு மாறினால், ஜெட்டின் வழியே போகும் பெட்ரோல் குறைந்து கலவை லீன் ஆகும்.

மலையில் வைத்த ஜெட்டோடு சமவெளிக்கு இறங்குதல்

2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே ரிச்சாக ஓடும் வண்டிக்கு ஜெட்டைக் குறைப்பது நியாயமே. அதே ஜெட்டோடு கோயம்புத்தூர் வெயிலில் முழு த்ராட்டிலில் ஓட்டுவது சீஸுக்கு விடும் அழைப்பு.

பெட்ரோலும் மாறிவிட்டது. தூய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 13.5 அளவே தேவை. அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலை மனத்தில் வைத்து அச்சிட்ட பழைய கையேட்டின் ஜெட் அட்டவணையை, இன்றைய பங்க் பெட்ரோலுக்கு அப்படியே பின்பற்றினால் வண்டி லீன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

ஜெட்டின் முறை வரும்போது சிறிய அளவிலிருந்து தொடங்குதல்

மேற்சொன்னவை அனைத்தும் சரியென்று உறுதியான பிறகு, பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறங்க வேண்டும். ரிச்சாக இருந்தால் பிளக் கரியடையும். லீனாக இருந்தால் பிஸ்டன் உருகும். முழு த்ராட்டிலில் ஓடும்போது பிடியைச் சற்றே, எட்டில் ஒரு பங்கு மட்டும், தளர்த்திப் பாருங்கள். வண்டி அப்போது வேகம் பிடித்தால் மெயின் ஜெட் சிறியது; மெல்ல வேகம் குறைந்தால் ஏறக்குறையச் சரி; தயங்கி அடித்துவிட்டுக் குறைந்தால் பெரியது. பிறகு புதிய பிளக்கைப் போட்டு, மேல் கியரில் முழு த்ராட்டிலில் ஓட்டி, அந்த நிலையிலேயே கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, வண்டி தானாக உருண்டு நின்றதும் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கானின் நுனியைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். அதன் அடிப்பகுதியில் உள்ள வளையமே மெயின் ஜெட்டைப் பற்றிச் சொல்லும். ஐட்லிங்கில் ஓட்டிக்கொண்டு பட்டறைவரை வந்து கழற்றிய பிளக்கில் படிக்க ஒன்றுமில்லை.