சூரிய மின் நிறுவுநர் சான்றிதழ்: புதியவர் தொடங்கி முடிப்பது எப்படி?

சோலார் பேனல் பொருத்தும் வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பலர், சான்றிதழ் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் பயிற்சி வகுப்பிலேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இத்துறையில் சான்றிதழ் என்ற பெயரில் புழங்கும் தாள்கள் நான்கு வகைப்படும். எது எதற்குச் செல்லும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த வேலையில் இறங்க வேண்டும்.

படி 1: எந்தச் சான்றிதழ் என்று முடிவு செய்யுங்கள்

முதல் வகை, ஒரு பயிற்சியை முடித்தமைக்காகத் தரப்படுவது. வகுப்பில் இருந்தீர்கள் என்பதற்கு அது சான்று. வேலை தெரியும் என்பதற்கு அன்று. இரண்டாவது, தனிநபரின் திறனைத் தேர்வு வைத்துச் சான்றளிப்பது. அமெரிக்காவில் நாப்செப் அமைப்பு வழங்கும் சூரிய மின் நிறுவுநர் சான்றிதழ் இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, ஆளுக்கு அல்லாமல் நிறுவனத்துக்குத் தரப்படுவது. பிரிட்டனில் சிறு அளவிலான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைப்புகளுக்கான எம்சிஎஸ் திட்டம் சான்றளிப்பது ஒப்பந்த நிறுவனத்தைத்தான். நான்காவது, மின்பணி செய்வதற்கு அரசு தரும் உரிமம். மற்ற மூன்றையும் கையில் வைத்திருந்தாலும், உரிமம் கட்டாயமாக உள்ள இடத்தில் அது இல்லாமல் மின் இணைப்பைத் தொடக்கூடாது.

உங்களுக்கு எது தேவை என்பதை அறிய, அதைக் கேட்கப்போவது யார் என்று பாருங்கள். மானியம் தரும் துறையும், மின் விநியோக நிறுவனமும், வேலைக்கு எடுக்கும் ஒப்பந்தக்காரரும் வெவ்வேறு தாள்களைக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் சிறு சூரிய அமைப்புகளுக்கான அரசுச் சலுகையைப் பெற, வடிவமைப்பவரும் நிறுவுபவரும் அங்கீகாரம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். அந்த அங்கீகாரத்தை 2024 முதல் சோலார் அக்ரெடிடேஷன் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு வழங்குகிறது. இந்தியாவில் புதியவர்கள் பலர் சூர்யமித்ரா என்ற அரசுத் திறன் பயிற்சி வழியே உள்ளே வந்திருக்கிறார்கள். காற்றாலைப் பக்கம் போக விரும்புவோரிடம், காற்றாலைத் துறையின் உலக அமைப்பான ஜிடபிள்யூஓ வகுத்த அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியைக் கேட்பார்கள். உயரத்தில் பணிபுரிதல், முதலுதவி, தீ விழிப்புணர்வு, சுமை கையாளுதல் ஆகியவற்றோடு, கடலில் வேலை என்றால் கடலில் உயிர்காத்தலும் அதில் சேரும்.

சான்றளிக்கும் அமைப்பு ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 தரத்தின்படி அங்கீகாரம் பெற்றதா என்று விசாரிப்பது நல்லது. தனிநபர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கென்றே வகுக்கப்பட்ட தரம் அது. ஒருநாள் இணைய வகுப்பின் முடிவில் ‘சான்றளிக்கப்பட்ட நிபுணர்’ என்று பட்டம் சூட்டும் விளம்பரங்களை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.

படி 2: பணிப் பதிவேட்டை இன்றே தொடங்குங்கள்

மேல்நிலைச் சான்றிதழ்கள் தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை; செய்த வேலைக்கும் ஆதாரம் கேட்கின்றன. நாப்செப் நிறுவுநர் சான்றிதழுக்கு 58 மணி நேர மேல்நிலைப் பயிற்சியோடு, முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்து செய்த பணிகளின் விவரமும் வேண்டும். விண்ணப்பிக்கும்போது பழைய வேலைகளை நினைவிலிருந்து எழுத முயன்றால் பாதிதான் வரும். ஆகவே உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்தே, ஒவ்வொரு பணிக்கும் தேதி, அமைப்பின் கிலோவாட் அளவு, பேனல் மற்றும் இன்வெர்ட்டர் விவரம், நீங்கள் நேரடியாகச் செய்த வேலை, மேற்பார்வையாளரின் கையெழுத்து ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ‘உடன் இருந்தேன்’ என்று எழுதாமல், ‘எர்த்திங் கம்பியை இணைத்தேன், ஸ்டிரிங் மின்னழுத்தத்தை அளந்தேன்’ என்று எழுத வேண்டும். (ஸ்டிரிங் என்பது தொடராக இணைத்த பேனல்களின் வரிசை.)

படி 3: கணக்கைக் கைவசமாக்குங்கள்

ஓம் விதி, தொடர் மற்றும் பக்க இணைப்பு, வாட் கணக்கு ஆகியவற்றை எந்தப் பாடநூலிலும் படித்துக்கொள்ளலாம். புதியவர்கள் தடுமாறும் இடம் ஸ்டிரிங் கணக்கு என்பதால், அதை ஒரு முறை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதனோடும் இணைக்காதபோது முனைகளில் இருப்பது) 49.5 வோல்ட், பேனலின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் தாங்கும் உச்ச அளவு 600 வோல்ட். 600-ஐ 49.5-ஆல் வகுத்தால் 12.1 வருகிறது, 12 பேனல் போடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 49.5 என்பது செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. செல் குளிர்ந்தால் மின்னழுத்தம் கூடும். தரவுத்தாளில் வெப்பநிலைக் குணகம், அதாவது வெப்பநிலை கூடும்போது மின்னழுத்தம் மாறும் விகிதம், டிகிரிக்கு மைனஸ் 0.27 சதவீதம் என்று இருந்து, அவ்விடத்தில் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலை 5 டிகிரி என்றால், வேறுபாடு 20 டிகிரி, உயர்வு 5.4 சதவீதம். அப்போது ஒரு பேனல் 52.17 வோல்ட் காட்டும். 12 பேனல் என்றால் 626 வோல்ட்; குளிர்ந்த காலையில் வெயில் விழுந்ததும் இன்வெர்ட்டர் பழுதாக அது போதும். சரியான விடை 11. இதே கணக்கைக் கோடை வெப்பத்துக்குத் திருப்பிப் போட்டு, இன்வெர்ட்டர் வேலை செய்யத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

படி 4: கைவேலையைப் பழகுங்கள்

செய்முறைத் தேர்வில் தேர்வாளர் உங்கள் வேகத்தைக் காட்டிலும் வரிசையைத்தான் கவனிப்பார். மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யச் சொன்னால், முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் மீட்டரை வைத்துச் சோதித்து, பிறகு வேலை செய்ய வேண்டிய சுற்றை அளந்து, மீண்டும் பழைய இடத்தில் மீட்டரைச் சோதிக்க வேண்டும். நடுவில் மீட்டர் பழுதாகியிருந்தால், அது காட்டும் சுழியத்தை நம்பி ஒருவர் கம்பியைத் தொட்டுவிடக்கூடும். கடைசிச் சோதனை அதற்காகத்தான்.

இன்வெர்ட்டரை நிறுத்தி மின்னோட்டம் நின்றதை அளந்து பார்ப்பதற்கு முன் டிசி கனெக்டரைப் பிரிக்கவே கூடாது. ஏசி மின்னோட்டம் நொடிக்குப் பல முறை சுழியத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி எளிதில் அணைந்துவிடுகிறது. டிசியில் அப்படி ஓர் இடைவெளி கிடையாது. இழுத்த கையோடு பொறியும் நீண்டு தொடரும். மேலும், வெயில் இருக்கும்வரை, எந்தச் சுவிட்சை அணைத்தாலும் பேனலின் முனையில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

கனெக்டர் பொருத்துவதைத் தனியே பழகுங்கள். உரிய கிரிம்பிங் கருவியால் அழுத்திய முனையை இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் உறைக்குள் செலுத்த வேண்டும். இணையும் இரு பாதிகளும் ஒரே தயாரிப்பாளருடையவையாக இருக்க வேண்டும். எம்சி4 என்பது பேனல்களில் பரவலாகப் பயன்படும் ஒரு கனெக்டர் வகை; ‘எம்சி4-க்குப் பொருந்தும்’ என்ற பெயரில் கிடைக்கும் வேறொன்றைச் செருகினால் கிளிக் என்ற ஓசை கேட்கும், மின்சாரமும் பாயும். ஆனால் தொடுமுனை சரியாகப் படியாமல் தடை கூடி, நாளடைவில் சூடேறி உருகும்.

அமைப்பை ஒப்படைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளையும் தர வேண்டிய ஆவணங்களையும் ஐஇசி 62446-1 தரம் வரையறுக்கிறது. எர்த்திங் தொடர்ச்சி, துருவச் சோதனை, ஒவ்வொரு ஸ்டிரிங்கின் மின்னழுத்தம், மின்னோட்டம், காப்புத்தடை ஆகியவற்றை அளந்து படிவத்தில் நிரப்பிப் பழகியவருக்குச் செய்முறைத் தேர்வு பெரும்பாலும் தெரிந்த வேலையாகவே இருக்கும்.

படி 5: விண்ணப்பமும் தேர்வும்

விண்ணப்பத்தில் உள்ள பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தட்டும். தேர்வில் எந்த மின் விதித்தொகுப்பின் எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து கேட்கிறார்கள் என்பதைக் கையேட்டில் பார்த்து, அந்தப் பதிப்பையே படியுங்கள். புதிய பதிப்பு வெளியானதும் தேர்வு உடனே மாறிவிடுவதில்லை.

படி 6: காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள்

நாப்செப் நிறுவுநர் சான்றிதழை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை, தொடர்பயிற்சி நேரத்தைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஜிடபிள்யூஓ அடிப்படைப் பயிற்சி 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். காலாவதியாக விட்டால் புதுப்பிப்புக்குப் பதிலாக முழுப் பயிற்சியையோ தேர்வையோ மறுபடி முடிக்கச் சொல்லக்கூடும். எனவே படி 2-இல் தொடங்கிய பதிவேட்டை நிறுத்திவிடாமல், அதிலேயே தொடர்பயிற்சி மணிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பயிற்சி முடித்த அன்றே சான்றின் நகலை அதில் சேர்த்துவிடுங்கள்.