வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவ அரபி படிப்பது எப்படி

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கத்தில் மதரஸாவில் ஓதியவர்களுக்கு அரபி எழுத்து புதிதல்ல. ஆனால் ஓதும் பிரதியில் ஸபர், ஸேர், பேஷ் என்ற உயிரொலிக் குறிகள் இருக்கும். வேலை ஒப்பந்தத்தில் இருக்காது. இலக்கணம் தெரியாதவர் முதல் வரியிலேயே நின்றுவிடுவார். அதனால் வெளிநாடு போய் அரபி படிக்க நினைப்பவர்கள் ஆறு மாதமாவது ஊரில் இலக்கணம் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பாடமாக இருந்த மூன்று பாக அரபி நூலை எழுதிய டாக்டர் வி. அப்துர் ரஹீம் வாணியம்பாடிக்காரர்தான். அதில் முதல் இரண்டு பாகங்களை முடித்தால் போதும். கூடவே அகராதி பார்க்கப் பழகுங்கள். வேர்ச்சொல் வரிசையில் உள்ள அகராதியில் ‘முதர்ரிஸ்’ (ஆசிரியர்) என்ற சொல் மீம் எழுத்தில் கிடைக்காது. தால், ரா, ஸீன் என்ற வேரின் கீழ் இருக்கும்.

எந்த ஊரில் படிப்பது? ஜோர்டானின் அம்மான் நகரைவிட எகிப்தின் கெய்ரோவில் செலவு குறைவு, ஆசிரியர்களும் தாராளமாகக் கிடைப்பார்கள். ஆனால் கெய்ரோ பேச்சில் காஃப் (ق) எழுத்து தொண்டையிலேயே அமுங்கிவிடும். ரியாத் பேச்சில் அதுவே ‘கணபதி’யின் ககரம்போல ஒலிக்கும். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு உதவுவதுதான் நோக்கமென்றால் ஓமான் பொருத்தம். மனா என்ற ஊரில் வெளிநாட்டவருக்கென்றே சுல்தான் காபூஸ் பெயரில் அரபிக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் தமிழ், உருது பேசுவோருடன் அறை எடுக்காதீர்கள். வகுப்பில் கற்பது எழுத்து அரபி. பேச்சு கடைத்தெருவில்தான் வரும். குறிப்பாக எண்கள். ‘கம்ஸா வ இஷ்ரீன்’ என்றால் ஐந்தும் இருபதும், அதாவது 25. இந்த வரிசை காதில் பதியும்வரை தினமும் காய்கறிக் கடையில் விலை கேளுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் தேவைப்படுவது ஒப்பந்தம் படித்துச் சொல்வது. சவூதி தொழிலாளர் சட்டப்படி இரண்டு மொழியில் எழுதினாலும் அரபிப் பிரதிதான் செல்லும். எனவே ஆங்கிலப் பக்கத்தை நம்பாமல் ‘ராதிப் அஸாஸி’ என்ற அடிப்படைச் சம்பளத்தை அரபியில் பாருங்கள். அரபி இலக்கத்தில் சின்ன வட்டம் 5, வெறும் புள்ளிதான் பூஜ்யம். பழகாத கண் 1500-இல் உள்ள ஐந்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஆங்கில ‘வி’ போல இருப்பது 7, அதைக் கவிழ்த்தால் 8. சம்பளத்தை விரலால் தொட்டு ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

தேதி ஹிஜ்ரியில் (இஸ்லாமிய நாட்காட்டியில்) இருந்தால் மாற்றிக் கணக்கிடுங்கள். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. இகாமா (குடியிருப்பு அனுமதி) முடியும் நாளை ஆங்கில ஆண்டுக் கணக்கில் நினைத்துக்கொண்டால் புதுப்பிக்கும் கெடு தவறிப்போகும்.

பத்தாவது முடிக்காதவர் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் குடிபெயர்வு அனுமதி தேவை என்றிருக்கும். அப்படியானால் இங்கே இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவான ஒப்பந்தத்தை அச்செடுத்து, அங்கே போய்க் கையெழுத்திடச் சொல்லும் அரபித் தாளுடன் வரி வரியாக ஒப்பிடுங்கள். சம்பளமோ வேலையோ மாறியிருந்தால் கையெழுத்திடாமல் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தூதரகத்துக்கு இந்திய வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) தளத்தில் புகார் எழுதும்போது கஃபீல் (வேலைக்கு அழைத்த முதலாளி) பெயரை இகாமாவில் உள்ள அரபி எழுத்திலேயே சேருங்கள். தமிழ் உச்சரிப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. நீதிமன்றத் தாள், இறப்புச் சான்றிதழ் இவற்றுக்குப் பொருளை மட்டும் வாயால் சொல்லுங்கள். எழுத்து மொழிபெயர்ப்பு அங்கீகாரம் பெற்றவரிடம்தான் போக வேண்டும்.