குரோகோயைட்: வண்ணத்தூள் படிகமாக நிற்கும் ஒரு கனிமமும் அதைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில், மேற்குக் கரையோரச் சுரங்க ஊரான ஜீஹானுக்கு அருகே டண்டாஸ் என்றோர் இடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளியையும் ஈயத்தையும் தேடி மக்கள் குவிந்த அந்த ஊரில் இன்று ஊர் என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சவில்லை. ஆனால், அங்குள்ள அடிலெய்டு சுரங்கத்தின் பாறைப் பொந்துகளில் விளைந்த செந்நிற ஊசிப் படிகங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளன. பழுப்பும் கருப்புமான துருப்பிடித்த பாறையின் மேல் தீக்குச்சிகளை வாரி இறைத்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் அந்தப் படிகங்களின் பெயர் குரோகோயைட். 2000ஆம் ஆண்டில் டாஸ்மேனியா இதைத் தன் மாநிலக் கனிமமாக அறிவித்தது.

வேதியியலின் மொழியில் இது ஈயக் குரோமேட். குரோம் மஞ்சள் என்ற பெயரில் ஓவியர்களும் பெயின்ட் தொழிற்சாலைகளும் இருநூறு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் வண்ணத்தூளும் இதே சேர்மம்தான். இதை வாங்குவோரும் வைத்திருப்போரும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, குவார்ட்ஸ் எனப்படும் ஸ்படிகத்தையோ அகேட்டையோ கையாளும் பழக்கத்தில் இதையும் ஒரு கல்லாக மட்டுமே கருதுவதால் நேர்பவை. இது படிகமாக வளர்ந்து நிற்கும் வண்ணத்தூள் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே சொல்லப்படுபவற்றில் பாதியைத் தாமாகவே ஊகித்துவிடலாம்.

முதலில், பெயரில் விளையும் குழப்பம். ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில், எகடெரின்பர்க் நகருக்கு அருகிலுள்ள பெரெசோவ்ஸ்க் தங்கச் சுரங்கங்களில் இக்கனிமம் கிடைத்தபோது ஐரோப்பியர் இதைச் சைபீரியாவின் சிவப்பு ஈயம் என்றே அழைத்தார்கள். இதனால் சிவப்பு ஈயம் என்று வழங்கும் மற்றொரு பொருளோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. இரும்புச் சாமான்களுக்குத் துருத்தடுப்புப் பூச்சாக முன்பு பரவலாகப் பூசப்பட்ட அந்தச் சிவப்பு ஈயம், நம்மிடையே ஈயச் செந்தூரம் எனப்படுவது, ஈயத்தின் ஆக்சைடு. அதில் குரோமியம் கிடையாது. குரோகோயைட் என்ற பெயரோ குங்குமப்பூவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. படிகம் சிவப்பாக இருந்தாலும் பொடித்தால் விழும் தூள் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறமாக இருப்பதால் பெயர் பொருத்தமானதே.

அடுத்தது, நிறத்தை மட்டும் பார்த்து இன்ன கனிமம் என்று முடிவு செய்வது. சிவப்பும் ஆரஞ்சும் கொண்ட ஈயக் கனிமங்கள் இன்னும் இரண்டு சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. மொராக்கோவின் மிப்லாடென் பகுதியிலிருந்து வரும் வனடினைட், ஈயமும் வனடியமும் சேர்ந்தது; அதன் படிகங்கள் ஆறு பக்கங்கள் கொண்ட குட்டையான பீப்பாய்களைப் போலிருக்கும். உல்ஃபெனைட், ஈயமும் மாலிப்டினமும் சேர்ந்தது. அது பெரும்பாலும் கண்ணாடித் தகடுபோல் மெல்லிய சதுரங்களாக வளரும். குரோகோயைட்டோ நீண்டு மெலிந்த பட்டகங்களாக, நீள்வாக்கில் வரிகள் ஓடியும், பல வேளைகளில் நுனி உள்ளீடற்றுக் குழல்போல் குழிந்தும் காணப்படும். ஆகவே நிறத்துக்கு முன்பாக வடிவத்தைப் பார்ப்பதே முறை. எடையைக் கொண்டு இம்மூன்றையும் பிரித்தறிவது எளிதல்ல, ஏனெனில் மூன்றுமே ஈயத்தால் கனமானவை.

எடை கைகொடுக்கும் இடம் வேறு. ரியால்கர் என்னும் ஆர்செனிக் சல்ஃபைடும் செவ்வாரஞ்சு நிறப் பட்டகங்களாகக் கிடைக்கும். அதன் தூளும் ஆரஞ்சாகவே விழும். ஆனால், குரோகோயைட்டின் ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) ஏறத்தாழ 6, ரியால்கருக்கோ 3.5 அளவில்தான் இருக்கும். தாய்ப்பாறை ஒட்டாத தனிப் படிகமாக இருந்தால் கையில் வைத்தவுடனேயே வேறுபாடு தெரிந்துவிடும். வெளிச்சத்தில் வைத்தால் காலப்போக்கில் மஞ்சள் தூளாக உதிர்ந்துபோகும் ஆர்செனிக் கனிமத்தைக் குரோகோயைட் என்று நம்பி வாங்கி வைப்பது பண இழப்போடு முடியும் விஷயமல்ல என்பதால் இந்த வேறுபாட்டை வலியுறுத்துகிறேன். கனிமவியலில் வழக்கமான, தேய்த்துத் தூளின் நிறம் பார்க்கும் உராய்வுச் சோதனையையும் கீறல் சோதனையையும் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். மோஸ் அளவுகோலில் இதன் கடினத்தன்மை 2.5 முதல் 3 வரைதான். நம் நகத்தைவிடச் சற்றே கடினம். கீறிப் பார்த்து உறுதிசெய்வதற்குள் உறுதிசெய்ய வேண்டிய பொருளே பாழாகிவிடும்.

சேகரிப்பாளர்கள் அதிகம் வருந்துவது வெளிச்சத்தில் வைத்துச் செய்யும் தவற்றை எண்ணித்தான். இத்தனை அழகான பொருளைச் சன்னலோரத்திலோ, நாள் முழுவதும் எரியும் விளக்கின் கீழோ வைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால், நீண்ட காலம் வெளிச்சம் பட்ட குரோகோயைட் தன் ஒளிபுகும் தன்மையையும் மிளிர்வையும் சிறிது சிறிதாக இழந்து மங்கிப்போகிறது. மங்கியதை மீட்கும் வழி கிடையாது. வான்கோ தீட்டிய மஞ்சள்கள் சில பழுப்பாகி வருவதன் காரணத்தை ஊடுகதிர்களின் துணையோடு ஆராய்ந்தவர்கள், வெளிச்சத்தின் தூண்டுதலால் குரோம் மஞ்சளில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறன் நிலைக்கு இறங்குவதே காரணம் என்று 2011இல் எடுத்துக்காட்டினார்கள். கந்தகம் கலந்த வண்ணப்பூச்சுக்கும் வளர்ந்த படிகத்துக்கும் வேறுபாடு உண்டு. ஓவியத்தில் நடப்பது அப்படியே பேழைக்குள்ளும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆயினும், குரோமேட்டுகள் வெளிச்சத்தின் முன் அசையாமல் நிற்பவை அல்ல என்பதற்கு அது போதிய சான்று. இழுப்பறையிலோ மூடிய பெட்டியிலோ வைத்துவிட்டு, பார்க்க விரும்பும்போது எடுத்துப் பார்ப்பதே சரி. காட்சிப் பேழையில்தான் வைக்க வேண்டுமென்றால் வெயில் எட்டாத சுவரோரமாக, பார்க்கும் நேரத்தில் மட்டும் எரியும் விளக்கோடு வைக்கலாம்.

சுத்தம் செய்கிறேன் என்று இறங்குவோர் செய்யும் சேதத்தை எண்ணினால், தூசியோடு விட்டுவைப்பதே மேல் என்று தோன்றும். ஸ்படிகத்தின் மேல் படிந்த துருக்கறையை ஆக்சாலிக் அமிலத்தில் ஊறவைத்து நீக்குவது சேகரிப்பாளர்களிடையே நெடுநாள் பழக்கம். டண்டாஸ் மாதிரிகளும் துருவேறிய பாறையின் மேல்தான் வருகின்றன என்பதால் அதே வைத்தியத்தை இங்கும் செய்துபார்க்கக் கை துறுதுறுக்கும். அந்தத் துருவே படிகங்களைத் தாங்கி நிற்கும் தாய்ப்பாறை என்பது ஒருபுறம் இருக்க, குரோமேட்டை அமிலம் விட்டுவைக்காது. 1766இல் இக்கனிமத்தை முதன்முதலில் ஆராய்ந்து எழுதிய ஜெர்மானிய வேதியியலாளர் யோஹான் லேமன், இதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தபோது கரைசல் மரகதப் பச்சையாக மாறியதைக் குறித்து வைத்தார். அந்தப் பச்சை, குரோமியம் தன் நிலை மாறிக் கரைசலில் இறங்கியதன் அடையாளம். கழிவறை தூய்மைசெய்யும் திரவத்தை இதன்மேல் ஊற்றுபவர் தம்மை அறியாமல் லேமனின் சோதனையைத் திரும்பச் செய்கிறார். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்கிய கை இதையும் அப்படித் துலக்கிவிடக் கூடாது. புளியிலும் எலுமிச்சையிலும் இருப்பது அமிலமே.

காரமும் உதவாது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லான் 1797இல் பாரிஸில் இதே கனிமத்தைப் பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்து, ஈயம் வேறாகவும் மஞ்சள் கரைசல் வேறாகவும் பிரித்தெடுத்தார். அந்த மஞ்சளுக்குள் இருந்த புதிய தனிமத்தை மறு ஆண்டில் உலோகமாகவே பிரித்துக் காட்டினார். நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் குரோமியம் என்று பெயரிட்டார்கள். ஒரு தனிமத்தையே உலகுக்குத் தந்த வினை அது. வீட்டில் சோடா உப்புக் கரைசலை வைத்துக்கொண்டு செய்தால் ஒரு கனிம மாதிரி பாழாவது மட்டுமே மிச்சம்.

மீயொலி அதிர்வில் நகைகளைச் சுத்தம்செய்யும் கருவியில் இதை இட்டால் ஊசிகள் நொறுங்கிவிடும். மென்தூரிகைகூட மெல்லிய படிகங்களை ஒடிக்கக்கூடியது; அழுத்தக் காற்றுக் குப்பி அதைவிட மோசம். கேமரா லென்சுக்குப் பயன்படும் கைப்பம்பால் தள்ளி நின்று மெதுவாக ஊதுவது ஒன்றே நான் ஏற்கும் முறை. தூசி படியவிடாமல் மூடி வைத்தால் அதுவும் தேவைப்படாது.

தூக்கும்போது படிகத்தைத் தொடாமல், தாய்ப்பாறையின் அடிப்பகுதியைப் பிடித்தே தூக்க வேண்டும். அந்தப் பாறையும் பொலபொலவென்று உதிரக்கூடியது என்பதால் உள்ளங்கையில் ஏந்துவது நல்லது. அனுப்பும்போது பஞ்சில் சுற்றக் கூடாது. பஞ்சிழைகள் ஊசிகளில் சிக்கிக்கொண்டால், பிரிப்பவர் கையோடு படிகங்களும் வந்துவிடும். பாறையை மட்டும் பெட்டியின் அடியில் அசையாமல் இருத்தி, படிகங்களைச் சுற்றிலும் வெற்றிடம் விடுவதே முறை.

இதன் நஞ்சுத்தன்மை குறித்து இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. ஈயம், அதோடு ஆறு இணைதிறன் குரோமியம் என்று கேட்டவுடன், அலமாரியில் இருந்தபடியே வீட்டாரை நோயாளிகளாக்கிவிடும் என்று அஞ்சுவது ஒன்று. ஈயக் குரோமேட் நீரில் ஏறத்தாழக் கரையாதது. அறை வெப்பத்தில் ஆவியாவதில்லை. மூடிய பெட்டியில் உடையாமல் இருக்கும் படிகம் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. மற்றது இதற்கு நேர்மாறான அலட்சியம். ஆபத்து தூளில்தான் இருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆறு இணைதிறன் குரோமியச் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஈயமோ சிறு அளவிலேயே குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே இதை அறுப்பது, ராவுவது, பட்டை தீட்டுவது ஆகியவற்றை வீட்டில் செய்யவே கூடாது. உதிர்ந்த துணுக்குகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கற்களை நீரில் ஊறவைத்து அந்த நீரைக் குடித்தால் நலம் பெருகும் என்று சிலர் சொல்லித் திரிவதை எந்தக் கல்லுக்கும் ஏற்க முடியாது. இந்தக் கனிமத்தைப் பொறுத்தவரை அது அறியாமை என்ற அளவைத் தாண்டிய செயல்.

இந்தச் சேர்மத்தை நாம் எங்கோ தொலைவில் இருக்கும் ஒன்றாக நினைக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மஞ்சள்தூளுக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்றக் கலப்பட வணிகர்கள் சேர்ப்பது தொழிற்சாலையில் செய்த ஈயக் குரோமேட்டைத்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் மஞ்சள்தூளில் இது அறவே இருக்கக் கூடாது என்கின்றன. வங்கதேசத்துச் சந்தைகளில் 2019இல் சோதிக்கப்பட்ட மஞ்சளில் ஏறத்தாழப் பாதியில் இது கண்டறியப்பட்டு, அரசு கடுமை காட்டிய பின்பே குறைந்தது. பேழைக்குள் வைத்துப் போற்றும் கனிமமும் கலப்படக்காரரின் தூளும் வேதியியலில் ஒன்றே என்பதை நினைவில் கொண்டால் அளவான எச்சரிக்கை தானாக வரும்.

வாங்கும் இடத்தில் அரிது என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுப்போர் பலர். இது அரிது என்பது உண்மையே, அதற்குக் காரணமும் தெளிவானது. ஈயம் விளையும் பாறையும் குரோமியம் விளையும் பாறையும் பொதுவாக அருகருகே அமைவதில்லை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குரோமியத் தாதான குரோமைட்டின் அடுக்குகள் உண்டு. ஆனால் குரோமியம் மட்டும் இருந்தால் போதாது. டண்டாஸில் கலீனா எனப்படும் ஈயத்தாது, குரோமியம் பொதிந்த செர்பென்டைன் பாறையை ஒட்டி அமைந்தது. மழையும் காற்றும் இரண்டையும் அரித்துக் கரைத்து ஒரே பொந்தில் சேர்த்தன. இருப்பினும், கனிமம் அரிதாக இருப்பதும் உங்கள் கையிலுள்ள துண்டு அரிதாக இருப்பதும் வெவ்வேறு. டண்டாஸிலிருந்து சிறு தனிப் படிகங்களும் உடைந்த துண்டுகளும் சந்தைக்கு நிறையவே வந்துள்ளன. விலையை ஏற்றுவது நீளம், நுனி ஒடியாமை, மிளிர்வு, தாய்ப்பாறையோடு அமைந்த அழகு ஆகியவையே.

நீளமான படிகம் முழுமையாக நின்றால், பசையால் ஒட்டிய தடம் உண்டா என்று தேட வேண்டும். ஒடிந்ததை ஒட்டுவது குற்றமன்று, சொல்லாமல் விற்பதுதான் குற்றம். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியால் படிகத்தின் அடியையும், குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகளையும் பார்த்துவிட்டு, புற ஊதா டார்ச்சைச் சில நொடிகள் அடித்தால் பல வகைப் பசைகள் நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்ந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, கிடைத்த இடத்தைக் குறித்து மாதிரியோடு வரும் பழைய அட்டை. பெரெசோவ்ஸ்கின் படிகங்கள் பெரும்பாலும் ஸ்படிக நரம்புகளில் வருபவை. டண்டாஸுடையவை இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளின் பழுப்புக் கருமையில் அமர்ந்திருப்பவை. பாறை ஒட்டியிருந்தால் பிறப்பிடத்தை இப்படி ஓரளவுக்கு ஊகிக்கலாம். தனிப் படிகமானால் அட்டை மட்டுமே சான்று. மங்கி மடிந்து கிடக்கிறதென்று அதை எறிந்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சுச் செய்து வைப்போரைக் காண்கிறோம். புதிய அட்டை எழுதுவதில் தவறில்லை. பழையதையும் அதே பெட்டியில் அடியில் வைத்துவிட வேண்டும். வோக்லான் சோதித்த அதே சுரங்கப் பகுதியிலிருந்து வந்த துண்டுக்கும் பெயர் தெரியாத செந்நிறத் துண்டுக்கும் இடையே சந்தையில் நிற்கும் வேறுபாடு அந்த மங்கிய காகிதம்தான்.