கிரேக்கத் துன்பியலை இயக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஓர் ஒத்திகைக்குச் சென்றிருந்தேன். சோஃபக்ளீஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தை முதன்முறையாக இயக்கும் இளைஞர், ஈடிபஸின் பிறப்பு ரகசியம் அறிந்த மேய்ப்பனை அவன் விசாரிக்கும் காட்சியைப் பென்சிலால் அடித்து வைத்திருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே பக்கங்களைத்தான் அடித்தேன். உச்சரிப்பிலும் உடையிலும் நேரும் பிழைகள் ஒத்திகையிலேயே திருந்திவிடும். தெய்வத்தின் வலிமை எதுவரை, மனிதனின் வலிமை எதுவரை என்பதில் நேரும் பிழைகள் அரங்கேறிய பிறகும் திருந்துவதில்லை.

எல்லாம் விதி என்று முடித்துவிடுவது

இதுதான் என்னை இன்றுவரை உறுத்தும் தவறு. முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதென்றால் விசாரணை எதற்கு என்று எண்ணி அக்காட்சியை நீக்கினேன். விளைவாக, ஈடிபஸாக நடித்தவர் கடைசிக் காட்சியில் எதற்காகக் கண்களைக் குத்திக்கொள்கிறோம் என்று புரியாமல் நின்றார். அவருக்குச் சொல்ல என்னிடமும் பதில் இல்லை.

பதில் நான் அடித்த பக்கங்களில் இருந்தது. தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்றுதான் டெல்ஃபியில், அப்போலோ தெய்வத்தின் குறிசொல்லும் கோயிலில், ஈடிபஸுக்கு வாக்குக் கிடைத்தது. இரண்டையும் அறியாமலே செய்துவிட்ட உண்மையை நீயே தோண்டி எடுப்பாய் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடும்படி பார்வையற்ற குறிசொல்லி டைரீசியாஸ் கேட்கிறார், தேடாதே என்று அவனுக்குத் தாயும் மனைவியுமான யோகாஸ்தா மன்றாடுகிறாள், கைகள் முறுக்கப்பட்ட மேய்ப்பன் சொல்லக் கொடிய இடத்துக்கு வந்துவிட்டதாக நடுங்குகிறான். கேட்கக் கொடிய இடத்தில் தானும் நிற்பதாகவும், ஆனாலும் கேட்டே ஆகவேண்டும் என்றும் ஈடிபஸ் அவனுக்கு மறுமொழி சொல்கிறான். அந்த ஒரு வரியில் அவன் முழு மனிதனாக நிற்கிறான். யோகாஸ்தாவின் ஆடையிலிருந்த பொன் ஊசிகளால் கண்களைக் குத்திக்கொண்ட பிறகு, எந்தத் தெய்வம் தூண்டியது என்று பாடற்குழுவான கோரஸ் கேட்கும்போது, துயரங்களை நிறைவேற்றியவன் அப்போலோ, குத்திய கை என்னுடையது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி நாடகம் நம்மைக் கேட்கவில்லை.

ஈஸ்கிலஸ் கி.மு. 472இல் அரங்கேற்றிய ‘பாரசீகர்கள்’ நாடகத்திலும், மனிதன் தானே விரைந்தால் தெய்வமும் உடன் சேர்ந்துகொள்ளும் என்கிறது இறந்த பாரசீக மன்னன் டாரியஸின் ஆவி. தமிழில் நமக்கு ‘ஊழ்வினை’ என்ற சொல் உடனே நாவில் வந்துவிடுவதால் கூடுதல் கவனம் தேவை. அச்சொல்லுக்குள் முற்பிறப்பின் கணக்கு இருக்கிறது; ஈடிபஸின் கதையில் அப்படியொரு கணக்கு இல்லை.

‘ஹமார்ஷியா’வைக் குணக்கேடு என்று மொழிபெயர்ப்பது

வேண்டாம். துன்பியல் நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாக அரிஸ்டாட்டில் இச்சொல்லால் சொல்வது பிழையை.

தெய்வங்களை நீதிபதிகளாக்குவது

யூரிப்பிடீஸின் ‘ஹிப்போலிட்டஸ்’ (கி.மு. 428) ஒன்றே இதற்குப் போதிய மறுப்பு. தன்னை வணங்காத ஹிப்போலிட்டஸைப் பழிவாங்கப் போவதாகக் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டி தொடக்கத்திலேயே அறிவிக்கிறாள். அதற்காக அவனுடைய மாற்றாந்தாயான குற்றமற்ற ஃபீட்ராவும் சாகவேண்டும் என்பது அவளுக்குப் பொருட்டில்லை. அவன் வணங்கிய வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ், தன் அன்பனின் சாவைப் பார்ப்பது தனக்குத் தகாது என்று சொல்லி அகன்றுவிடுகிறாள். அவனை மடியில் தாங்குவது, அவனைச் சபித்த தந்தைதான். மன்னிப்பும் அந்த இரு மனிதர்களுக்கிடையே மட்டுமே நிகழ்கிறது. இக்காட்சியில் தெய்வத்தின் மேல் ஒளியை விட்டுவைக்காதீர்கள்.

உயரத்தில் தோன்றுபவரெல்லாம் தெய்வம் என்று கொள்வது

கி.மு. 431இல் அரங்கேறிய ‘மீடியா’வின் முடிவில், தெய்வங்கள் தோன்றும் உயரத்தில், சூரியன் தந்த தேரில் நிற்பவள் தன் பிள்ளைகளைக் கொலை செய்த தாய் மீடியா. கீழே நிற்கும் அவள் கணவன் ஜேசன் பிள்ளைகளின் உடலை ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கெஞ்சுகிறான். அவள் மறுத்துவிடுகிறாள்.